பொட்டலக் காகிதத்தில் வந்த இரண்டு லீக்குகள்

நானா,

உங்கள் பேரன் நேற்று மாலை ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். உங்கள் பழைய பலசரக்குக் கடையை இடித்து மாடி வைத்துக் கட்டுகிறார்களாம். மேல்தட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இந்தத் தகரம் செருகியிருந்ததாம். மூடியைத் திறந்ததும் பெருங்காயம், ஏலக்காய், மண்ணெண்ணெய் மூன்றும் கலந்த வாசனை வந்தது. கொட்டகலை பஜாரில் எத்தனையோ கடைகள் இருந்தன. அந்த வாசனை உங்கள் கடையில் மட்டும்தான் இருந்தது.

உள்ளே ஒரே ஒரு காகிதம், நான்காக மடித்தது. ஆங்கிலப் பத்திரிகைப் பக்கம். சேறு அப்பிய உடையோடு பதின்மூன்று ஆண்கள் இரண்டு வரிசையில் நிற்கும் படம். படத்தின் கீழே மூன்றாவது பெயருக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், பிள்ளைகளின் கணக்குக்குப் போடுவது போல ஒரு சரி அடையாளம். பின்பக்கத்தில் பென்சிலால் உங்கள் கையெழுத்து: "டீச்சர் கோடு. சரக்குக் கட்டப் பாவிக்க வேண்டாம்."

"எந்த டீச்சர்னு தெரியுமா டீச்சர்? வாப்பாவக் கேட்டேன், அவருக்கும் தெரியல" என்றார் பேரன்.

"வச்சிட்டுப் போங்க. பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். எழுபத்தெட்டு வயதில், விடை தெரிந்த ஒரு கேள்வியைத் தெரியாதது போல் ஒதுக்கி வைத்தேன். வகுப்பில் எந்தப் பிள்ளை இப்படிச் செய்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். அதனால்தான் இரவு நெடுநேரம் தூக்கம் வராமல் கிடந்துவிட்டு, காலையில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கலியாணமாகித் தோட்டத்துக்கு வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். எனக்குத் தோட்டப் பாடசாலையில் வேலை. முதல் வாரம் உங்கள் கடையில் பருப்பு வாங்கினேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்துப் பருப்பைப் போத்தலில் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவிப் படித்தேன். அச்சடித்த எதையும் படிக்காமல் எறியும் பழக்கம் எனக்கு என்றும் இருந்ததில்லை. அதில் ஒரு றக்பி ஆட்டத்தின் செய்தி இருந்தது. அந்தக் காலத்தில் நாம் றகர் என்போம். கடைசி இரண்டு நிமிடம், ஒருவர் பந்தை அணைத்துக்கொண்டு கோட்டை நோக்கி ஓடுகிறார், எதிரணியின் கடைசி ஆள் குறுக்கே வருகிறார். அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

மறுநாள் அதையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"சரக்குல ஏதும் குறையா டீச்சர்?"

"சரக்குல ஒண்ணும் குறையில்ல. செய்தியிலதான் குறை. மிச்சப் பாதி எங்க?"

நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு காகித அடுக்கு முழுவதையும் மேசைமேல் இறக்கினீர்கள். மிச்சப் பாதி கிடைத்தது. ஓடியவரைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பிடித்துவிட்டார்கள். அதை நான் தமிழில் சொன்னபோது தராசில் நின்ற உங்கள் கடையாள் சின்னையாகூட "அட பாவமே" என்றார்.

கொழும்பிலிருந்து பழைய பத்திரிகைகள் பேல் பேலாக, பெருங்கட்டுகளாக, கோச்சியில் வந்து கொட்டகலை ஸ்டேசனில் இறங்கும். சில பேல்கள் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்தவை, சில சிட்னியிலிருந்து. இரண்டு இடத்திலும் பதின்மூன்று பேர் ஆடும் றக்பிதான். ஆடுகிறவர்களுக்குக் கூலி உண்டு. ஊருக்கு ஊர் கழகம், வாராவாரம் ஆட்டம், வருட முடிவில் ஒரு கழகம் முதலிடம். இதற்குப் பெயர்தான் லீக். நம் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் ஆடியது பதினைந்து பேர் ஆட்டம். அதில் காசு என்ற பேச்சே கூடாது. அங்கே நாம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். காகிதத்தில் வந்த ஆட்டத்துக்கு வேலி கிடையாது.

பேல்கள் ஒழுங்காக வருவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பேலில் ஓய்வு பெற்று மாலை வாங்கியவர் அடுத்த பேலில் முதல் ஆட்டம் ஆட வருவார். ஒரு கழகம் கிண்ணம் வென்றது நமக்குத் தெரியும். அவர்கள் யாரைத் தோற்கடித்தார்கள் என்பது இரண்டு வருடம் கழித்து வெல்லப் பொட்டலத்தில் வந்தது.

நீங்கள் சிட்னிக் கட்சி. நான் வட இங்கிலாந்துக் கட்சி. ஏன் சிட்னி என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னது: "அந்தக் காயிதம் தடிப்பு டீச்சர். ரெண்டு றாத்தல் சீனி கட்டினாலும் கிழியாது. காயிதமே இப்பிடின்னா ஆட்டம் எப்பிடி இருக்கும்!"

இது ஒரு நியாயமா என்று நான் சண்டைக்கு வந்தேன். உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. படங்களைப் பார்ப்பீர்கள், இலக்கங்களைப் பார்ப்பீர்கள், மீதியை நான் சொல்ல வேண்டும். சிட்னிப் படங்களில் கூட்டம் கடலாக இருக்கும். புல் மேட்டில் தொப்பி போட்ட தலைகள், கம்பத்தில் ஏறி நிற்கிறவர்கள். அந்தப் படத்தை நீங்கள் என் முன்னால் விரிப்பீர்கள்.

"பாருங்க. தேருக்குக்கூட இம்புட்டுச் சனம் வராது. உங்க ஊர்ல நனைஞ்ச கோழி மாதிரி நாலு பேர் நிக்கிறாங்க."

"நானா, கூட்டம் வர்றதும் தரமும் ஒண்ணில்ல."

"ஆள் வராத கடையில நல்ல சரக்கு இருந்து என்ன செய்ய?"

நான் தேயிலையை உதாரணத்துக்கு எடுத்தேன். "இந்த மலையில எல்லாரும் குடிக்கிறது தூள். நல்ல இலை ஏலத்துக்குப் போவுது. எல்லாரும் குடிக்கிறதால தூள் ஒசத்தியாயிருமா?"

நீங்கள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "அந்த நல்ல இலையக் குடிச்சுப் பாத்தவங்க இந்தத் தோட்டத்துல எத்தன பேர் டீச்சர்?"

டீமேக்கர் வீட்டில் நல்ல இலை இருந்தது. நான் குடித்திருந்தேன்.

ஆனால் என் வாதமும் லேசானதல்ல. அங்கே மழையிலும் சேற்றிலும் ஆடுகிறார்கள். பந்து சவர்க்காரம் போல் வழுக்கும். அதைக் கை மாற்றிக் கை மாற்றி ஐந்து பேர் தாண்டிக் கொண்டுபோவதற்குப் பெயர்தான் தரம் என்றேன். நம் மூடுபனியில் கொழுந்தெடுக்கும் கைகளைப் பார்த்தவருக்கு இது விளங்க வேண்டாமா? காய்ந்த தரையில் பந்து பறக்கிற அழகு வேறு எங்கே வரும் என்று நீங்கள் கேட்டீர்கள். சிட்னியின் கெட்டிக்காரர்கள் இங்கிலாந்துக் கழகங்களுக்குப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். தரம் இல்லாத இடத்துக்கு ஏன் போகிறார்கள்?

"காசு குடுக்கிறான், போறாங்க. நீங்க தரம்னு சொல்றது காசு டீச்சர்."

அடுத்த பேலில், இனி யாரும் அப்படிப் போகக் கூடாதென்று தடை போட்ட செய்தி வந்தது. ஆளைப் பூட்டி வைத்தால்தான் உங்கள் லீக் நிற்குமா என்று நான் கேட்டேன். நீங்கள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஏலக்காய் மட்டும் வழக்கம்போல் நல்லதாகத் தந்தீர்கள்.

நாடும் நாடும் ஆடினால் யார் பெரியவர் என்று தெரிந்துவிடுமே என்று சின்னையா ஒருமுறை நடுவில் வந்தார். நாம் இருவரும் ஒரே குரலில் அவரை அடக்கினோம். நாட்டுக்காகப் பொறுக்கியெடுத்த பதின்மூன்று பேர் ஆடுவது வேறு, வாராவாரம் வேலை முடிந்து வந்து ஆடுகிற ஒரு லீக்கின் தரம் வேறு. இதில் மட்டும் நமக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

காகிதம் உங்கள் கடைப் பொருள். வாசிக்க எடுத்துப்போனதை நான் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. நீவி, மடிப்பெடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் திருப்பிக் கொண்டுவந்து அடுக்கின்மேல் வைப்பேன். முக்கியமான இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன், உங்களுக்கு வாசித்துக் காட்ட. நுவரெலியா கன்னியர் மடத்தில் அயர்லாந்து சிஸ்டர் ஒருவர் எங்களுக்குக் கற்றுத்தந்த பழக்கம் அது. கோடு நேராக இருக்க வேண்டும். எழுதியதில் பிழை இருந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. சரியானதைப் பக்கத்தில் எழுதி, திருத்தியவர் தன் பெயரின் முதலெழுத்துகளை இட வேண்டும். "யார் திருத்தியது என்று தெரியாத திருத்தம் திருத்தமல்ல" என்பார். நான் முப்பது வருடத்துக்கு மேல் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்திருந்த சின்னத்துரையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றத் துரைமார் அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு உதட்டுக்குள் சிரிப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கத்திப் பேச்சு. ஆனால் மைதானத்தில் அவரைப் போல் ஒருவரும் இல்லை. வேலிக்கு வெளியே நின்ற சனம் துரைமார் ஒருவருக்காகக் கை தட்டியது என்றால் அது அவருக்குத்தான். அந்த வருடம் கொழும்பு அணியை வெல்லலாம் என்று கிளப் நம்பியதே அவரை வைத்துத்தான்.

ஒரு வியாழக்கிழமை மாலை, நீங்கள் மல்லி கட்டித் தந்த பக்கத்தில் அந்தப் படத்தைக் கண்டேன். மேல் வரிசையில் மூன்றாவது ஆள். சேற்றுக்குள்ளும் அந்த மூக்கும் நெற்றியும் தெரிந்தன. கீழே அவருடைய முழுப் பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் இளைஞர், இந்த வாரம் கழகத்தில் கையெழுத்திட்டார், முதல் ஆட்டத்திலேயே இரண்டு முறை கோடு தாண்டினார் என்று செய்தி.

எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் லீக்கின் தரத்துக்குச் சாட்சி நம் தோட்டத்திலேயே குதிரையேறித் திரிகிறார்! சிட்னிக்காரர் யாராவது உங்கள் கடை வாசலில் வந்து நின்றதுண்டா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். கோடு போட்டேன். சரி அடையாளமும் போட்டேன்.

எனக்குச் சட்டம் தெரியும், நானா. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. பதின்மூன்று பேர் ஆட்டத்தில் ஒருமுறை கூலி வாங்கியவர் பதினைந்து பேர் ஆட்டத்தில் ஆயுளுக்கும் கால் வைக்கக் கூடாது. அந்த விதியை உங்களுக்கு வாசித்துச் சொன்னவளே நான்தான். "கூலி வாங்கினா தீட்டா?" என்று நீங்கள் கேட்டதுகூட நினைவிருக்கிறது. அந்த மாலை அது என் மனத்தின் பக்கமே வரவில்லை. வாதத்தில் வெல்லப்போகிறேன் என்ற ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் பரிசோதகர் வந்து போனதால் பாடசாலை நேரத்தோடு விட்டது. நான் கடைக்கு வந்தபோது நீங்கள் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். கொஞ்சம் இருக்கச் சொன்னார் சின்னையா. கடை வாசலில் காத்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை. காகிதங்களை அடுக்கின்மேல் வைத்தேன், அந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் வந்ததும் கண்ணில் பட வேண்டும் என்று. "நானா வந்தா பாக்கச் சொல்லுங்க" என்றுகூடச் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டேன்.

அரை மணி நேரத்தில் கிளப்பின் சமையல்காரர் சனிக்கிழமைக்கான சாமான் எடுக்க வந்திருக்கிறார். சின்னையா வறுத்த கச்சான் கடலையை நிறுத்து, மேலே இருந்த காகிதத்தை எடுத்துச் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை கிளப் மேசையில் அந்தப் பொட்டலம் பிரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னத்துரையை அழைத்துக் கேட்டார்களாம். அவர் மறுக்கவில்லையாம். அன்றே அணியிலிருந்து நீக்கிவிட்டார்களாம். திங்கட்கிழமை கிளப்பின் செயலாளரான பக்கத்துத் தோட்டத்துப் பெரியதுரை காரில் வந்து உங்கள் கடை முன்னால் இறங்கினார். நான் அங்கே இல்லை. சின்னையாதான் பிறகு சொன்னார்.

"தொரை கத்துறாரு டீச்சர், மொதலாளி சிரிச்ச மொகத்தோட நிக்கிறாரு. 'இது யார் கோடு போட்டது?' 'நான்தான் தொரை.' 'உனக்கு இங்கிலீசு தெரியுமா?' 'தெரியாது தொரை. அதான் கோடு மட்டும் போட்டேன்.' எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. தொரைக்கு மூஞ்சி செவந்திருச்சு. காயிதத்தக் கசக்கி வீசிட்டு, இனிமே கிளப்புக்கு ஒரு சாமானும் இந்தக் கடையில இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நான் உங்களிடம் வந்தேன். நீங்கள் அந்தக் காகிதத்தை மேசையில் நீவிக்கொண்டிருந்தீர்கள். நீங்களே பேசினீர்கள், குரலைத் தாழ்த்தி.

"தோட்டத்து ஸ்கூல், தோட்டத்து வீடு. பெரியதொரை ஒரு வார்த்த சொன்னா நீங்களும் டீமேக்கர் ஐயாவும் எங்க போவீங்க? எனக்கு என்ன, பஜார்க் கட. ஒரு கிளப் போனா ஒரு கிளப் வரும். விடுங்க."

வேறு கிளப் எதுவும் வரவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். நான் "விடுங்க" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு கடைக்காரரிடம் கடன்பட்டு நிற்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நடந்ததை என் வீட்டுக்காரரிடமும் நான் கடைசி வரை சொல்லவில்லை. தன் மனைவி வேறொருவரின் பெயரைக் கெடுத்தாள் என்பது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. மழை. கிளப் மைதானத்தில் கொழும்பு அணியோடு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் நேரம். நான் மிளகாய் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். சின்னத்துரை நனைந்த தொப்பியோடு உள்ளே வந்தார். அவரைப் பொகவந்தலாவைத் தோட்டமொன்றுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

அவர் தமிழ் மலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் தமிழ். "நானா, அந்தப் பேப்பர், இன்னும் இருக்கா?" என்றவர் மேலே போக முடியாமல் என்னைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். தன் பழைய கழகத்தைப் பற்றிய பக்கம் வேறு ஏதும் இருந்தால் வாசித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். நான் அதைச் சரியாக மொழிபெயர்த்தேன்.

நீங்கள் அடுக்கு முழுவதையும் இறக்கினீர்கள். இரண்டு பக்கம் கிடைத்தது. சீனி மூட்டையில் உட்கார்ந்து வாசித்தார். நீங்கள் தேநீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள். வாசித்து முடித்து அவர் தலை தூக்கியதும் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், தொரைகிட்ட கேளுங்க. அதுல ஆடினவர் இந்த மலையில இவர் ஒருத்தர்தான். எது பெருசு, சிட்னியா அவங்க லீக்கா? உள்ளதச் சொல்லச் சொல்லுங்க."

கேட்டேன். அந்த மூன்று வாரத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு நெடுநேரம் பேசினார். பேசும்போது என் வலக்கையைப் பார்த்தார். நான் காலையில் தேர்வுத் தாள் திருத்திவிட்டு வந்திருந்தேன். ஆட்காட்டி விரலில் சிவப்பு மை இருந்தது. அவர் பார்வை அதில் நின்று, பிறகு சன்னல் பக்கம் போய்விட்டது. பேச்சு நிற்கவில்லை.

முடித்துவிட்டு நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். நீங்களும் காத்திருந்தீர்கள். சின்னையாவும் தராசை விட்டுவிட்டு நின்றார்.

"சிட்னிதான் நானா. அவரே ஒத்துக்கிறாரு" என்றேன்.

அவர் சொன்னது அதுவல்ல. ஆனால் நீங்கள் மேசையை ஓங்கித் தட்டிய தட்டில் கல்லாப்பெட்டி குதித்தது. "சொன்னேனா இல்லையா! சொந்த ஆளே சொல்லிட்டாரு!" சின்னத்துரை புரியாமல் நம் இருவரையும் பார்த்தார், உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார், தொப்பியை வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். ஒரு வருடத்தில் நாட்டை விட்டே போய்விட்டார் என்று கேள்வி.

அவர் போன பிறகு நீங்கள் மிளகாயைக் கட்டித் தந்துகொண்டே சொன்னீர்கள்: "தொரை பேசினது நீளமா இருந்துச்சு. நீங்க சொன்னது சுருக்கமா இருக்கே டீச்சர்."

"இங்கிலீஷ் அப்படித்தான்" என்றேன்.

நீங்கள் மிளகாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் பேல்கள் வந்தன. நாமும் வாசித்தோம், ஆனால் நான் வாதாடவில்லை. நீங்கள் ஒவ்வொரு தடவையும், "சொந்த ஆளே சொன்னதுதானே" என்று வம்புக்கு இழுப்பீர்கள். நான் தலையை ஆட்டிவிடுவேன். உங்களுக்கு அதில் சுவை குறைந்துபோனதை நான் கவனித்தேன். எதிர்க்க ஆள் இல்லாத கட்சியில் என்ன சந்தோஷம்?

பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, பேல்கள் நின்றன. நம் இரண்டு லீக்குகளும் எங்கோ ஒரு பருவத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டன. இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கூடி, யார் இங்கே, யார் அங்கே என்று நம் சனத்தைப் பிரித்துக் கையெழுத்திட்ட காலத்தில், இந்தியாவுக்குப் போகிறவர்கள் பித்தளைச் செம்பையும் சாமி படத்தையும் சுற்றிக் கட்டக் காகிதம் கேட்டு உங்கள் கடைக்கு வந்தார்கள். மிச்சமிருந்த சிட்னிக் காகிதம் எல்லாவற்றையும் நீங்கள் அவர்களுக்குச் சும்மா கொடுத்தீர்கள். "தடிப்புக் காயிதம். கப்பல்ல கிழியாது" என்றீர்கள். அப்போதும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தீர்கள், நான் ஏதாவது எதிர்த்துச் சொல்வேனா என்று. நான் கட்டுவதற்குக் கயிற்றை எடுத்து நீட்டினேன்.

நீங்கள் கண்மூடிய அன்று உங்கள் மையத்து வீட்டுக்கு வந்தபோதும் நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். அன்று இதைக் கேட்க நீங்கள் இருக்கவில்லை.

இப்போது சொல்கிறேன், நானா. அந்தச் சனிக்கிழமை சின்னத்துரை பேசியது இது. ஐம்பது வருடமாக ஒரு சொல் விடாமல் என்னிடம் இருக்கிறது.

"நான் சிட்னி ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் கழகத்துக்கு அங்கிருந்து ஒருவர் வந்திருந்தார். வெயில் அடித்த நாளில் அவரைப் பிடிக்க எங்களில் ஒருவராலும் முடியாது. மழை நாளில் அவர் எங்களோடு நிற்க முடியாமல் தவிப்பார். அதனால் எது பெரியது என்று என்னால் சொல்ல முடியாது. எங்களுக்குச் சுரங்கத்தில் சனிக்கிழமையும் வேலை. ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலிக்கு ஈடாகத்தான் எனக்குக் காசு தந்தார்கள். அதை வாங்கியதில் எனக்கு வெட்கமில்லை. இங்கே வந்து மறைத்ததில்தான் வெட்கம். கடைக்காரரிடம் சொல்லுங்கள், என்னால் அவர் கடைக்கு நட்டம் வந்தது. அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்று வந்தேன். அந்தக் கோட்டைப் போட்டவர் யாராக இருந்தாலும், எனக்கு அவர் மேல் கோபமில்லை. என் பெயருக்குக் கீழே இவ்வளவு நேராக யாரும் கோடு போட்டதில்லை என்றும் சொல்லுங்கள்."

இதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால், அந்தக் கோடு என்னுடையது என்று உங்கள் இருவர் முன்னாலும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பதிலாக என் லீக்கைத் தூக்கி உங்கள் கையில் கொடுத்தேன். அது பெரிய விட்டுக்கொடுப்பு என்று அன்று எனக்குத் தோன்றியது. உங்களைத் தேடி வந்த மன்னிப்பை வாசலில் வைத்து மறித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் உங்களுக்கு அந்த வெற்றி பழகிப்போயிருந்தது. அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உங்கள் லீக்கைப் பற்றி என் கருத்து மாறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கூட்டம் தரத்துக்குச் சாட்சி அல்ல. மழையில் பந்தைக் கைவிடாதவர்கள்தான் நல்ல ஆட்டக்காரர்கள். நீங்கள் இருந்தால் இதற்கு ஏதாவது சொல்வீர்கள். அதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

இன்று காலை மேசையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். காகிதம் பழுத்துவிட்டது, கோடு மங்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, கோட்டின் முனையில் என் பெயரின் இரண்டு எழுத்துகளை இட்டேன். கோடு நேராக இருக்கிறது, எழுத்து கோணலாக இருக்கிறது. பரவாயில்லை, யாருடையது என்று தெரிகிறது.

நாளை உங்கள் பேரன் தகரத்தை எடுத்துப்போக வருவார். எந்த டீச்சர் என்று மறுபடியும் கேட்பார். தேநீர் கொடுத்து உட்கார வைக்கப்போகிறேன், நல்ல இலையில். இந்த முறை சுருக்கமாகச் சொல்ல மாட்டேன்.